கெளுத்தி, ராணி, பிறகு ஒரு வெற்றிடம்

உன்னுடைய கெளுத்திக்கு நேற்று ஒரு கடிதம் வந்தது. மத்தியானம் அலுவலகத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்து முதல் வாய் வைக்கப்போன நேரம் கைத்தொலைபேசி சிணுங்கியது. "அன்புள்ள வீரர்களே" என்று தொடங்கியிருந்தது. நாற்பத்து நான்கு வயதில், சீனி வருத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, பழைய கோப்புகளுக்கு நடுவில் இருக்கிற என்னை வீரர் என்று கூப்பிட யாருக்கு மனம் வந்தது என்று சிரித்தேன். பிறகு கீழே இருந்த இரண்டு பெயர்களையும் பார்த்தேன். கெளுத்தி. ராணி நாற்பத்தேழு. பார்சலைத் திரும்ப மடித்து வைத்தேன்.

நீயும் நானும் ஒரே கணக்கில் விளையாடிய அந்த இணைய விளையாட்டை மூடப்போகிறார்களாம். நீ கெளுத்தியாகவும் நான் ராணியாகவும் வாளும் கோடரியுமாக ஓநாய் வெட்டித் திரிந்தோமே, அந்த உலகம். புதிதாக வேறொன்று கட்டியிருக்கிறார்கள்; பழைய ஆட்கள் இந்த மாத முடிவுக்குள் அங்கே குடிபெயரலாம். அதற்கு மூன்று பொதிகள். முதலாவது இலவசம், ஒரு ஆளை மட்டும் கொண்டுபோகலாம். இரண்டாவதற்குச் சிறிய தொகை, கணக்கில் உள்ள எல்லா ஆட்களும் போகலாம். மூன்றாவதற்குக் கொள்ளைக் காசு. அதற்குச் சிறகு முளைத்த குதிரை ஒன்று, மூன்று கிரீடங்கள், நடக்கும்போது காலடியில் பூச்சொரிகிற ஏதோ ஒரு சப்பாத்து. இரண்டாவதை வாங்கிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்துத்தான் நம் கணக்கில் மூன்றாவது ஆளுக்கென்று நீ வாங்கிய வெறும் கட்டம் நினைவுக்கு வந்தது. அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

சுனாமிக் கடல் வந்துபோன அடுத்த மாதம் நாம் சந்தித்தோம். வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்று வாவிக்கரையில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்து, தெளிவாக எழுதத் தெரிந்தவர்களைத் தேடியது. உன் வீடு கல்லடியில் அத்திவாரம் மட்டுமாக நின்றது. நீ பள்ளிக்கூட முகாமில் அம்மாவோடு இருந்துகொண்டு, அதே முகாமில் இருந்தவர்களின் பெயர்களை எழுத வேலைக்கு வந்தாய். உன் குடும்பப் படிவத்தைப் பதிந்தவள் நான். அம்மா, நீ, பதினாறு வயதுத் தம்பி. கடல் வந்த ஞாயிறு காலை மட்டையும் பந்துமாகக் கடற்கரைக்குப் போனவன். உடல் கிடைக்கவில்லை. உயிருடன், இறந்தவர், காணாமற்போனவர் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. பேனாவைப் பிடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன்.

"ஒண்டிலயும் போடாத புள்ள. வரிய அப்பிடியே விடு" என்றாய்.

அந்த வேலையில் ஒரு விதி இருந்தது. பட்டியலில் பெயர்கள் முடிந்த இடத்திலிருந்து தாளின் அடிவரை அடிமட்டம் வைத்து ஒரு சரிவுக் கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வெற்று வரி கிடந்தால் பிறகு யாராவது இல்லாத ஆளைச் செருகிவிடுவார்கள் என்ற பயம். நான் அந்தக் கோட்டை மிக அழகாக இழுப்பேன். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. நீ மட்டும் கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரியை விட்டுவிட்டு, அதற்கும் கீழிருந்துதான் கோட்டைத் தொடங்குவாய். பொறுப்பாளர் தாளைத் தூக்கிக்காட்டிச் சத்தம் போட்டார்.

"ஆரும் பிந்தி வந்தா எங்க சேர் எழுதுற?" என்று கேட்டாய். அவருக்குக் கோபம்தான் வந்தது.

நீ சும்மா கேட்கவில்லை. நாம் வேலை தொடங்கிய ஒன்பதாம் நாள் ஒரு மீனவர் நடந்து வந்து சேர்ந்தாரே, அவர் மனைவியை நாம் விதவை என்று எழுதி முடித்த பிறகு. கோடு இழுத்தாயிற்று, அவருக்கு எழுத வரி இல்லை. புதுப் பட்டியல் ஒப்பமாகி வரும்வரை அந்த மனிதர் முகாம் வாசலில், மனைவியின் பங்கு அரிசியில் பாதி சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். "செத்த ஆளுக்கு வரி இரிக்கி, வந்த ஆளுக்கு இல்ல. என்ன சட்டம் புள்ள இது?" என்று அன்று முழுவதும் புறுபுறுத்தாய். நான் அதைப் பகிடியாக எல்லோருக்கும் சொல்லிச் சிரித்துத் திரிந்தேன்.

விளையாட்டைக் காட்டித்தந்தவர் நம் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்ட வெளிநாட்டுக்காரர். கூரையில் பெரிய தட்டு வைத்து வானத்திலிருந்து இணையம் இறக்கியிருந்தார்கள். மத்தியான இடைவேளையில் ஒரு மணி நேரம் நமக்கு விட்டுத் தருவார். என் மின்னஞ்சலில் ஒரு கணக்குத் தொடங்கினோம். ராணி என்ற பெயரில் எனக்கு முன்னால் நாற்பத்தாறு பேர் இருந்தார்கள். கெளுத்தி என்ற பெயரில் உலகத்திலேயே ஒருவரும் இல்லை. அதில் உனக்கு என்ன சந்தோசம்! ஆனால் இணையம் மாட்டுவண்டி மாதிரி. நீ கோடரியை வீசினால் மூன்று எண்ணி முடித்த பிறகுதான் ஓநாய் விழும், பல நேரம் அதற்குள் கெளுத்தி விழுந்துவிடுவாள். பிறகு நீ வெட்டப் போவதையே விட்டுவிட்டாய். முதல் ஊரின் வாசலில் நின்று, புதிதாக வருகிறவர்களுக்கு ரொட்டி கொடுக்கத் தொடங்கினாய்.

"நாள் முழுக்க நிவாரணம் குடுத்தது காணாதா? இதுக்குள்ளயும் வேணுமா?" என்று கேட்டேன்.

"வாசல்ல நிண்டா வாற ஆக்களப் பாக்கலாம்" என்றாய். அதையும் நான் பகிடியாகத்தான் எடுத்தேன். எனக்கு எல்லாமே பகிடியாக இருந்த வயது.

பிறகு வாவிக்கு அங்கால் பக்கம் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிற்று. வெல்லாவெளிப் பக்கச் சனம் மூட்டை முடிச்சுகளோடு வந்து இறங்கியது. அதே பள்ளிக்கூடங்கள், அதே படிவங்கள், புதுப் பெயர்கள். அந்த நாள்களில் கரடியனாற்றிலிருந்து வந்த ஒரு பெண் உன் தம்பியின் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த முகச்சாடையில் ஒருவனைப் போன வருடம் தங்கள் வட்டை வயல் பக்கம் சைக்கிளில் கண்டதாகச் சொன்னாள். உன் அம்மா அன்றே கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். நீ என் பக்கத்தில் வந்து இருந்தாய்.

"கடல் கொண்டுபோனதெண்டா ஒரு கவலை புள்ள. இது என்ன எண்டே விளங்குதில்ல. உயிரோட இரிந்தா ஏன் வரல்ல? ஆர் வெச்சிரிக்காங்க? நான் அழுறதா, தேடுறதா?"

எனக்கும் விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. நீ கரடியனாற்றுக்கு மூன்று தரம் போய் வந்தாய், ஒன்றும் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் நாடு திரும்பும்போது நமக்கு ஒரு பரிசு தந்தார். விளையாட்டுக் கடையில் காசுக்கு விற்கிற பொருள்களில் ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம், ஒன்றே ஒன்று. நம்மிடம் கடன் அட்டை ஏது? வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக வந்த வாய்ப்பு. புதுத் தீவுக்குப் போக வழி திறந்துவிடும் பொருளை வாங்கலாம், நான் அதற்குத்தான் துடித்தேன். அல்லது ஒரு குதிரை. அல்லது கணக்கில் மூன்றாவதாக ஒரு ஆளை வைத்துக்கொள்ள இன்னொரு கட்டம். இரண்டு வாரமாக இதையே கதைத்தோம். கடைசியில் உன் யோசனைப்படி அலுவலகத்தின் தேவை மதிப்பீட்டுப் படிவம் ஒன்றையே எடுத்து நிரப்பினோம். விண்ணப்பதாரர்: கெளுத்தி. தொழில்: ரொட்டி கொடுத்தல். இழந்த உடைமைகள்: கோடரி ஒன்று, மானம். சிரித்துச் சிரித்து உனக்குக் கண்ணீர் வந்தது. குடும்ப அங்கத்தவர் என்ற இடத்தில் கெளுத்தி, ராணி என்று எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாய்.

நான் அடிமட்டத்தை எடுத்து, இரண்டு பெயருக்கும் கீழே கோட்டை இழுத்தேன். பழக்கதோசம். உன் சிரிப்பு நின்றதைக் கண்டேன், ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் நான் முகாம் வேலை முடித்து அலுவலகத்துக்கு வருவதற்குள் நீ தனியாக அந்தக் கட்டத்தை வாங்கிவிட்டாய். திரையில் கெளுத்தி, ராணி, பக்கத்தில் ஆளில்லாத ஒரு சட்டம், நடுவில் ஒரு கூட்டல் அடையாளம். தீவு போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் அலுவலகம் முழுவதும் கேட்கக் கத்தினேன்.

"ஆரும் வராத இடத்துக்கு ஏன் குடுத்தாய்?"

சொன்ன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று எனக்கு உறைத்தது. உன் தம்பியின் படிவத்தைப் பதிந்தவள் நான். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வந்தா இரிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு நீ அந்தக் கட்டத்தில் யாரையும் உருவாக்கவும் இல்லை, நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சண்டை முடிந்தது, நிறுவனங்கள் மூட்டை கட்டின, நீ கரடியனாற்றுப் பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞராகப் போனாய். டவுனில் வேலை இருந்தும் அங்கே ஏன் கேட்டுப் போனாய் என்று சனம் கதைத்தது. எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலியாண வீடுகளில் கண்டால் சுகம் விசாரித்தோம், அவ்வளவுதான்.

உன்னைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆஸ்பத்திரியில். கழுத்துக் கட்டி உன்னைப் பாதியாக்கியிருந்தது. நான் மன்னிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு அப்பிள் பழத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"கெளுத்தி இரிக்காளா?"

"ஓம், இரிக்காள். வாசல்லதான் நிக்கிறாள்" என்றேன். பச்சைப் பொய். நான் உள்ளே போய் ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. நீ சிரித்தாய். மூன்றாவது கட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. மறந்துவிட்டாயா? நான் பார்த்துக்கொள்வேன் என்று விட்டாயா? இல்லை, என் வாயிலிருந்து மறுபடியும் அந்த வார்த்தை வந்துவிடும் என்று பயந்தாயா? இதை யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது புள்ள.

நேற்று வீட்டுக்கு வந்ததும் பழைய கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தேன். திறந்தது! கெளுத்தி வாசலில் ரொட்டிப் பையோடு நிற்கிறாள், ராணி நரைக்காமல் இருக்கிறாள், பக்கத்தில் அந்த வெறும் சட்டம். விளையாட்டுக்காரரின் உதவிப் பெட்டியில் எழுதிக் கேட்டேன், இரண்டாவது பொதியில் இந்தக் கட்டமும் வருமா என்று. வெறும் கட்டத்தில் கொண்டுபோக எதுவும் இல்லை, ஒரு ஆளை உருவாக்கி வைத்தால் வரும் என்று பதில் வந்தது.

சரி, உருவாக்கி வைப்போம் என்று கூட்டல் அடையாளத்தை அழுத்தினேன். ஆண் என்று தெரிவு செய்தேன். முகத்தைச் செய்யச் சொன்னது. மூக்கை நீட்டலாம், கன்னத்தை ஒட்டவைக்கலாம், வயதைக் கூட்டலாம். எந்த வயது? பதினாறா, முப்பத்தேழா? படிவத்தில் ஒட்டிய சின்னப் படத்தில் பார்த்ததைத் தவிர எனக்கு அவன் முகமே தெரியாது. பெயர் எழுதும் இடத்தில் கோடு மின்னிக்கொண்டு நின்றது. அவன் பெயரை எழுதிவிட்டால் அவன் வந்துவிட்டான் என்று ஆகுமா, இல்லை இனி வரமாட்டான் என்று ஆகுமா? வேறு பெயரை எழுதினால் அவன் இடத்தை யாருக்கோ கொடுத்ததாக ஆகாதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியே வந்தேன். கட்டத்தை நிரப்பினால் அது நீ வாங்கிய கட்டம் இல்லை. நிரப்பாவிட்டால் அது போய்விடும்.

மறுபடியும் உதவிப் பெட்டியில் கேட்டேன். கணக்கை இருந்தபடியே, வெறும் கட்டத்தோடு கொண்டுபோக மூன்றாவது பொதியால் மட்டும்தான் முடியுமாம். என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உனக்கென்ன விசரா? அந்தக் காசுக்கு உண்மையான சைக்கிள் வாங்கலாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, அந்தச் சிறகுக் குதிரையிலயாவது ஒருக்கா ஏறு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ இதைத்தான் விரும்பியிருப்பாயா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. விளையாட்டு முடிந்தது, எல்லாவற்றையும் விடு என்றுகூடச் சொல்லியிருப்பாய். உன்னைக் கேட்க வழியில்லை. நான் இப்போது அலுவலகத்தில் எழுதுகிற பட்டியல்களில் கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரியை விட்டுவிட்டுத்தான் கோடு இழுக்கிறேன். கேட்கிறவர்களுக்கு ஒரு காரணமும் சொல்வதில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

கடன் அட்டை இலக்கத்தை அடித்தேன். கடைசி அழுத்தலுக்கு முன் திரை என்னை நிறுத்தியது. உங்கள் கணக்கில் ஒரு இடத்தில் யாரும் இல்லை, அதற்கும் சேர்த்துப் பணம் செலுத்த விரும்புகிறீர்களா என்று கேட்டது. அன்று நான் கத்திக் கேட்ட அதே கேள்வி. இயந்திரம் எவ்வளவு பணிவாகக் கேட்கிறது, பார்த்தாயா? எனக்கு அன்று அந்தப் பணிவு இருக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள் புள்ள.

ஓம் என்று அழுத்தினேன். வந்தா இரிக்கட்டும்.