நீ வாங்கி அனுப்பிய உழவு மிஷின்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும், எனக்கு முதல் நினைப்பு அதுதான். உன் தங்கைக்குப் பள்ளிக்கூட வேலை நிரந்தரமாகிவிட்டது, கூரை ஒழுகிய இடத்தையும் அடைத்தாயிற்று. இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி, உன்மேல் எனக்குக் கோபம்.

வாராவாரம் போன் செய்து "மிஷின் எப்படிப்பா ஓடுது" என்று கேட்கிறாய். அதைப் பிடித்து நடக்கிற மனுஷன் கை எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருப்பாயா? உன் அப்பா நம் நிலத்தோடு நிறுத்தினால் பரவாயில்லை, "என் பையன் வாங்கிக் கொடுத்தது" என்று பீற்றிக்கொண்டு கேட்டவர் வயலையெல்லாம் உழுகிறார். கைப்பிடி ரப்பர் எப்போதோ தேய்ந்துபோனது, வெறும் இரும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை நடை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை என்று தையல்காரரைத் திட்டினார், துளையைச் சின்னதாகத் தைத்துவிட்டாராம், நானும் நம்பித் தொலைத்தேன். போன வாரம் காலையில் குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவப் போனவர் அப்படியே நின்றார். போய்ப் பார்த்தால் நாலு விரலும் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கிள்ளினேன், தெரியவில்லை என்றார். எத்தனை நாளாக என்றால், போன மழைக்காலத்திலிருந்தாம். விரல்களைத் தேய்த்துக்கொண்டே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மிஷின் அதிர்ந்து அதிர்ந்து விரல் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டிருப்பதாக டாக்டர் சொன்னார். "இப்பவே நிறுத்துனா இன்னும் மோசமாகாம இருக்கும். போன உணர்ச்சி திரும்புமான்னு சொல்ல முடியாது" என்றார். உன் அப்பா நன்றாகத் தலையாட்டிவிட்டு மறுநாளே கையுறை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தடுத்தால், "ஆசையா வாங்கிக் கொடுத்தான், சும்மா நிறுத்தி வெச்சா அவன் மனசு என்ன பாடுபடும்" என்கிறார். உன் மனசாம். உன் தங்கை எதுவென்று காட்ட, மிஷின் கிளம்பாதபடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் பெட்டியில் பூட்டிவிட்டேன். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை, சாப்பாடு மட்டும் ஒழுங்காக இறங்குகிறது.

நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய், தெரியும், ஆனாலும் எனக்கு ஆறவில்லை. நான் சொன்னால் தொணதொணப்பு, நீ சொன்னால் கேட்பார். "நிறுத்துங்கப்பா, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல" என்று உன் வாயால் சொல். வழக்கமாகக் கடிதத்தின் அடியில் அவரும் இரண்டு வரி எழுதுவார் இல்லையா, இன்றும் பேனாவை நீட்டினேன். இரண்டு தடவை நழுவியது. எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "நான் சௌக்கியம்னு நீயே எழுதிடு" என்றார். நாலு நாளில் பேசிய முதல் பேச்சு.

இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். இது கைக்கு வந்த அன்றே மதியம் போன் செய், அப்போது வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா