மாஸ்டர் இல்லாத மைதானம்

பண்டத்தரிப்பு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தர்சினிக்கு,

பிள்ளையார் புண்ணியத்திலை நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறம், நீயும் மருமோனும் அந்த நோர்வேக் குளிருக்கை நோய்நொடி அண்டாமல் இருக்கவேணும் எண்டு மன்றாடுறம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. உங்கடை உதைபந்தாட்ட மனேஜர் சந்தியோகு மாஸ்டர் போன வியாழக்கிழமை நெஞ்சடைச்சு மோசம் போயிட்டார். செய்தி உனக்கு வாட்ஸப்பிலை வந்திருக்கும், எண்டாலும் நடந்ததை நான் சொல்லவேணும். போனிலை சொல்லி முடிக்க ஏலாது பிள்ளை, அதாலை எழுதிறன்.

பெம்பிளைப் பிள்ளையளைச் சேர்த்து அவர் ரீம் துவங்கேக்கை ஊர் கதைச்ச கதை உனக்குத் தெரியும்தானே. காற்சட்டையோடை குமர்ப்பிள்ளையள் ஓடுறது அழகில்லை எண்டு ஊர்க் கூட்டத்திலை செல்வரட்ணத்தார் சொல்ல, மாஸ்டர் எழும்பி, அண்ணை நீங்கள் வெங்காயத் தோட்டத்துக்கை சாரத்தைத் தொடைமட்டும் மடிச்சுக் கட்டிக்கொண்டுதானே தண்ணி மாறுறியள், அது மட்டும் அழகோ எண்டு கேட்டார். சனம் சிரிச்சு அடங்கக் கனநேரம் எடுத்தது. அடுத்தநாளே நான் உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் அவரிட்டை விட்டன். நாங்கள் வாய்க்குள்ளை மெண்டு விழுங்கிறதை அந்த மனிசன் மைக்கிலை சொல்லும். நீ கோல் அடிச்ச அண்டைக்கும் உனக்கு ஏச்சுத்தான், அதுவும் எனக்குப் பிடிக்கும்.

போன வருச இறுதியாட்டத்திலை நடந்தது உனக்கு முழுக்கத் தெரியாது. மேடையிலை பெரியவை பேசி முடியப் பொழுதுபட்டிட்டுது, பிள்ளையளின்ரை ஆட்டத்தைப் பாதியாய்க் குறைக்கச் சொல்லிச்சினம். மாஸ்டர் மைக்கை வாங்கி, உங்கடை பேச்சைப் பாதியாய்க் குறைச்சிருக்கலாமே, இதுகள் வருசம் முழுக்க ஓடினது உங்கடை கழுத்திலை மாலை விழுறதைப் பாக்கவோ எண்டு கேட்டிட்டு ரீமோடை வெளிக்கிட்டிட்டார். மன்னிப்புக் கேள் எண்டு உதைபந்தாட்டச் சங்கம் சொன்னது, அவர் மாட்டன் எண்டிட்டார். மைதானத்துக்கை கால் வைக்கக்கூடாது எண்டு தடை போட்டினம். அதுக்குப் பிறகு மனிசன் வேலிக்கு வெளியாலை வெய்யிலுக்கை நிண்டு, தொண்டை கிழியக் கத்தித்தான் பழக்கினது. நெஞ்சு நோகுது எண்டு மனிசி அருமைநாயகிக்கு மட்டும் சொன்னவராம், டொக்டரிட்டைப் போவம் எண்டால் போட்டி முடியட்டும் எண்டவராம்.

செத்தவீட்டுக்குச் சங்கத்து ஆக்களும் பெரிய மலர்வளையத்தோடை வந்திச்சினம். ஒருத்தர் முன்னுக்கு வந்து, ஈடுசெய்ய ஏலாத இழப்பு எண்டு பேசத் துவங்க, பெட்டிக்குப் பக்கத்திலை இருந்த அருமைநாயகி எழும்பினா. இவர் கதைக்கேக்கை வாயை மூடச் சொன்னியள், இப்ப மூடிட்டார், நீங்களும் மூடிக்கொண்டு நில்லுங்கோ எண்டா. சத்தம் போடேல்லை, மெல்லத்தான் சொன்னவ. அந்தாள் தலையைக் குனிஞ்சுகொண்டு வெளியிலை போச்சுது. சேமக்காலையிலை புதைக்கேக்கை செல்வரட்ணத்தாரும் நிண்டு அழுதார், அவரின்ரை பேத்தி இப்ப ரீமிலை கோல் காக்கிறாள்.

நேற்றுப் பின்னேரம் பிள்ளையள் விளையாடப் போனதுகள், நானும் போய்ப் பாத்தன். பந்து அடிக்கிற சத்தம்தான் கேட்டுது. ஏச ஆளில்லை. கொஞ்சத்திலை ஒருத்தி பந்தை விட்டிட்டு நிலத்திலை குந்தி இருந்தாள், பிறகு எல்லாரும் இருந்திட்டுதுகள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திட்டன்.

உன்ரை வேலையிடத்திலை அந்தப் பெரியவ உன்னை மட்டும் லீவு நாளிலை வேலைக்குப் போடுறா எண்டு நீ சொன்னனி. பொறுத்துப்போ எண்டு எழுதச் சொன்னவ அம்மா. நான் அப்பிடி எழுதேல்லை. நியாயமெண்டால் கதை, ஆனால் நெஞ்சு நொந்தால் அண்டைக்கே டொக்டரிட்டைப் போ.

நீங்கள் ரெண்டுபேரும் ஒரு குறையுமில்லாமல் வாழவேணும், பிள்ளையார் துணை. ஒண்டை மறந்திடாதை, அருமைநாயகி அன்ரிக்குக் கட்டாயம் போன் எடு. அவ இன்னும் அழேல்லை. உன்ரை குரலைக் கேட்டால் அழுவா. அழட்டும், நீ போனை வைச்சிடாதை.

அன்பு அப்பா
சி. பஞ்சலிங்கம்