பதின்மூன்றாம் அப்பத்தின் வழக்கு

நலம் பெருகுக. நெல்லும் உப்பும் குறைவறியா வெண்கரை நாட்டை ஒருகுடைக்கீழ்க் காக்கும் மாமன்னர் மாறாவேலரின் திருவாணைப்படி, அவர்தம் அமைச்சன் நன்னிலங்கோ, சங்குத்துறையின் தலைவரும், அலைக்கு அஞ்சாதவரும், கணக்குக்கு மட்டும் அஞ்சுபவருமாகிய நீலப்பேரரையருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் சேதமின்றிக் கரை சேர்க. தங்கள் இல்லத்தார் இனிது வாழ்க. சென்ற ஓலையில் ஒரு முழத்துக்குத் தாங்கள் வருணித்திருந்த மூட்டுவலியும் தணிக.

தாங்கள் எழுதிய விண்ணப்பம் அவையில் படிக்கப்பட்டது. மேற்குக் கப்பலில் வந்து, தங்கள் துறையில் அடுப்பு மூட்டிக் கோதுமை அப்பம் விற்பவனும், துறைமாந்தரால் வில்லியப்பன் என்று செல்லமாய் அழைக்கப்படுபவனுமாகிய வில்லியம் என்ற ஆங்கிலேயன், எண்ணில் பொய் சொன்ன குற்றத்துக்காகச் சிறையில் இருக்கிறான் என்றும், வரும் சந்தை நாளில் அவனுக்குப் பன்னிரண்டு கசையடி கொடுத்து அடுப்பையும் இடித்துவிட அரசர் இசைவு தரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். 'டஜன்' என்று அவன் கூவி விற்கும் சொல்லுக்குப் பொருள் என்னவென்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கடைசியில் கேட்டீர்கள் என்பதை மன்னர் கவனிக்கத் தவறவில்லை.

ஆகவே இருமொழியும் அறிந்த நம் துபாஷி பொன்னம்பலவனைத் தங்கள் சிறைக்கு அனுப்பி, அந்த ஆங்கிலேயனை நேரில் விசாரித்தறிந்தோம். டஜன் என்றால் பன்னிரண்டு. பழைய பேரரசு ஒன்றின் மொழியில் இரண்டும் பத்தும் கூடி ஒரு சொல்லாய்ப் பிறந்து, அண்டை நாட்டார் நாவில் தேய்ந்து, கடல் தாண்டி அவன் நாட்டுக்குள் நுழைந்தபோது பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத உருவில் வந்து சேர்ந்ததாம். பத்தை மூவருக்குப் பங்கிட்டால் சண்டை வரும். பன்னிரண்டை இருவருக்கோ, மூவருக்கோ, நால்வருக்கோ, அறுவருக்கோ பங்கிட்டாலும் கத்தி எடுக்க வேண்டியதில்லை. நம் பெண்கள் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணும்போது ஒரு கையில் அடங்குவதும் அதே பன்னிரண்டுதான். ஆனால் அவன் நாட்டுத் தாய்மார், 'உனக்கு டஜன் டஜனாய்ச் சொல்லியாயிற்று' என்று பிள்ளைகளைத் திட்டும்போது மட்டும் அது பன்னிரண்டு அன்று. எண்ணி எண்ணி அலுத்தது என்று பொருளாம். இந்த வழக்கை எழுதும் எனக்கு அந்தப் பொருள் நன்றாய் விளங்குகிறது.

இனி, அவன் கூடையில் பதின்மூன்று வந்த கதை. அவன் ஊரில் அப்பத்தின் நிறை குறைந்தால் சுட்டவனுக்குத் தண்டனை கடுமையாம். அந்த அச்சத்தால் அங்கே அப்பம் சுடுவோர் டஜனுக்கு ஒன்று கூட்டியே வைப்பார்களாம். பரம்பரையாய் வந்த அந்தப் பயத்தோடுதான் இவனும் கப்பல் ஏறியிருக்கிறான். தங்கள் துறையில் உப்பு விற்கும் அங்கம்மைக்குப் பன்னிரண்டின் விலைக்குப் பதின்மூன்றைக் கூடையில் அடுக்கி நீட்டியிருக்கிறான். அவளோ நம் நாட்டு வழக்கப்படி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொசுறுக்குக் கை நீட்டியிருக்கிறாள். அவன் முன்பே வைத்தாயிற்று என்று தலையாட்டினான். கொசுறு இல்லை என்பவனைக் கண்டறியாத அவள் சந்தையே திரும்பிப் பார்க்கக் கூவினாள். தாங்கள் வந்தீர்கள், எண்ணினீர்கள், பன்னிரண்டு என்ற இடத்தில் பதின்மூன்று கண்டீர்கள், 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று முழங்கி அவனை உள்ளே தள்ளினீர்கள். தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள் உண்டு. கூடுதலாய் ஒரு பல் இருக்கிறதென்று மாட்டைக் கொடுத்தவனைக் கட்டிப்போட்டவர் தாங்கள் ஒருவரே. குறைந்தால் அடி என்று அஞ்சிக் கூட்டினான். கூட்டியதற்கும் அடி என்றால் அவன் எந்த நாட்டில் போய் அப்பம் சுடுவான்?

அங்கம்மையையும் அவைக்கு அழைத்தோம். முன்பே ஒன்று கூடுதலாய் இருந்ததே என்று மன்னர் வினவியதற்கு அவள் உரைத்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறோம்: "கூடைக்குள்ள கெடந்தா அது கணக்கு சாமி. எண்ணி முடிச்சப்புறம் கையில வச்சாத்தான் கொசுறு. கேக்காமக் குடுத்தா அதுல என்ன சொகம் இருக்கு?" அவை இதைச் சட்டமாகவே ஏற்றது. தண்டனையை அறிந்ததும் அவள் முகம் மாறிற்று. "நான் கேட்டது ஒரு அப்பம். அந்த மனுசன் முதுகுத் தோலையா கேட்டேன்?" என்றாள்.

அப்போது துபாஷி மெல்ல எழுந்து, சிறையில் வில்லியம் தன்னிடம் கேட்ட ஒரு கேள்வியைச் சொன்னான். இந்நாட்டில் எதை எண்ணினாலும் முடிவில் மேலும் ஒன்று தருவார்கள் என்று சிறைக்காவலர் அவனுக்கு விளக்கியிருக்கிறார்கள். அதைக் கேட்டது முதல் அவன் உண்ணவில்லை. "பன்னெண்டு அடிக்கு மேல கொசுறும் உண்டுங்களா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டிருக்கிறான். அவை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. எனக்கும் வெட்கமாய் இருந்தது. நம் நாட்டில் ஆசையாய்க் கேட்டு வாங்கும் ஒன்றை எண்ணி ஒரு மனிதன் நடுங்கியிருக்கிறான்.

ஆதலின் மன்னர் திருவாய் மலர்ந்தருளிய ஆணை இது. ஓலை கண்ட பொழுதே அவனை விடுவிக்க. கசையடியில் ஒன்றும் வேண்டா. அடுப்பில் ஒரு செங்கல்லும் அசையலாகாது. இனி அவன் பன்னிரண்டை எண்ணிக் கொடுத்த பின்பு, கேட்போர் கையில் மேலும் ஒன்றை வைக்கக் கற்றுக்கொள்ளட்டும். கற்றுக்கொடுக்கும் பொறுப்பை அங்கம்மை ஏற்றிருக்கிறாள்.

முதல் வாடிக்கையாளராய்த் தாங்களே செல்க. காவலர் இன்றிச் செல்க. ஒரு டஜன் வாங்கி, விலை கொடுத்து, பின்பு தங்கள் வலக்கையை நீட்டிக் கொசுறு கேட்க. அவன் அச்சமின்றித் தரும்வரை கடையை விட்டு அகலற்க.

இவ்வாணைக்குச் சாட்சியாய் வலம்புரி முத்திரை பொறித்தோம். அவன் தருவதை எண்ணாமல் உண்க.