கருகிய பாணி

பெப்ரவரி, சனிக்கிழமை இரவு.

இன்று பாணியைக் கருக்கிவிட்டேன்.

இவர் சமைத்துக்கொண்டிருந்த லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடை மூடி ஏழு மாதமாகிறது. அதன்பிறகு கட்டிலைவிட்டு எழும்பவே மனமில்லாமல் கிடந்தார். போன மாதம்தான், மேப்பிள் மரத்தில் துளையிட்டு நீர் எடுத்து இனிப்புப் பாணி காய்ச்சலாம் என்று எங்கோ பார்த்துவிட்டு, செவ்ரானில் என் தம்பி வீட்டுத் தோட்டத்தில் அடுப்புக் கட்டத் தொடங்கினார். அங்கே மூன்று மேப்பிள் நிற்கின்றன. பழைய எண்ணெய்ப் பீப்பாயைப் படுக்கவைத்து, மேற்புறத்தை வெட்டி, கடையில் கறி சூடாக வைத்த சில்வர்த் தட்டுகளை அதில் பொருத்தினார். பின்னால் ஒரு புகைக்குழாய்.

ஐந்து நாள் சேர்த்த நீர் காலையிலிருந்து கொதித்து, பின்னேரம் ஒரு தட்டின் அடியில் பொன்னிறமாய் வற்றியிருந்தது.

"விறகு கொத்திக்கொண்டு வாறன், பாத்துக்கொள்ளும்" என்று போனார். அக்கா எனக்குப் போன் எடுத்தாள். பேசிவிட்டுத் திரும்பினால் கரும்புகை. வெறுங்கையால் தட்டை இழுத்தேன்.

ஓடிவந்தவர் தட்டைப் பார்க்கவில்லை. "கையைக் காட்டும்" என்று என் விரல்களை வாளித் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் எங்கள் லா சப்பல் வரும்வரை யன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். மறுபடி கட்டிலில் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"இஞ்சாருங்கோ, கோபமோ?"

"சீ, இல்லை. நெருப்பு ஒரு பக்கமாத்தான் எரியுது. அதைத்தான் யோசிச்சனான். ரெண்டு செங்கல் வைச்சாச் சரிவரும்."

விடிய ஐந்து மணிக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். "நீரும் வாறீரோ?" என்று கேட்டார்.

விரல் இன்னும் எரிகிறது. ஓம் என்றேன்.