கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் ஓவியக் கண்காட்சிப் புத்தகம் வந்து சேர்ந்தது. அச்சு நேர்த்தி. முன்னுரையில் ஒற்றுப்பிழை இருக்கிறது. கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் பார்த்திருந்தால் புத்தகத்தையே திருப்பி அனுப்பியிருப்பார். கீழ் வீட்டுக்காரி அட்டையைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், உங்க பொண்ணு கசாப்புக் கடைக்கு போர்டு எழுதறாளா?" என்றாள். கதவைச் சாத்திவிட்டேன்.

ஆனால் அந்த அட்டைப் படத்தை என்னாலும் தாண்ட முடியவில்லை. 'என் சிறுநீரகங்கள்' என்று பெயர் வைத்திருக்கிறாய். ஒவ்வொரு நீர்க்கட்டியின் மேலும் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய், சவ்வுக்குள் மஞ்சளாகத் தேங்கிய நீர், நடுவில் நசுங்கிய சதை. டாக்டர் அறைச் சுவரில் தொங்கிய படத்தில்கூட இவ்வளவு விவரம் இருந்ததில்லை.

மாப்பிள்ளை போன் செய்தார். "ஸ்கேன் தேதி வந்தாலே ஸ்டூடியோவுக்குள்ள போய்ப் பூட்டிக்கிறா அத்தை. மாமாவைக் கொண்டுபோன வியாதி தனக்கும் வந்தாச்சுங்கறா" என்றார். அதன்பிறகு அட்டைப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

பெரிய கட்டி வலது சிறுநீரகத்தில் இருக்கிறது. அதைச் சுற்றிச் சங்கிலிபோலச் சின்னக் கட்டிகள், அடியில் பிறைபோல ஒரு வெள்ளைக் கோடு. எல்லாம் எனக்கு மனப்பாடம். உன் அப்பாவுக்கு அவை இடது பக்கம் இருந்தன.

நினைவிருக்கிறதா? வெயில் விழும் நேரம் அப்பா தன் ஸ்கேன் பிலிமை ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டுவார். "வாடி என் ஓவியக்காரி, வயித்துல திராட்சைத் தோட்டம் போட்டிருக்கேன்" என்பார். நீ பால்கனியில் நின்று, வெளிப்பக்கக் கண்ணாடியில் மெழுகுக் கலரால் வரைவாய். உள்ளே அவர் விரல் நகர, வெளியே உன் கலர் பின்தொடரும். கண்ணாடி பாழாகிறது என்று நான் கத்துவேன். இருவரும் சேர்ந்துகொண்டு சிரிப்பீர்கள். அவர் போன பிறகு அந்தக் கறையை வெகுநாள் துடைக்கவில்லை.

பிலிமைப் பின்பக்கமிருந்து பார்த்ததால் இடது உனக்கு வலதாகி, அப்படியே கையில் தங்கிவிட்டது. நீ வரைந்திருப்பது அப்பாவை, கண்ணே. உன்னுடையதை நீ இன்னும் பார்க்கவேயில்லை.

அங்கேயும் கட்டி இருக்கலாம். இல்லாமலும் போகலாம். அப்பாவுக்குத் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. முன்பே பிடித்திருந்தால் மருந்து கொடுத்துப் பல வருஷம் ஓட்டியிருக்கலாம் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

புதுத் தேதி வாங்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். நானும் வருகிறேன். நீ உள்ளே போகும்போது வளையலையும் தோட்டையும் கழற்றிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். யாரிடமும் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை.

என் வயதைத் தாண்டி நீ வாழவேண்டும். அம்மா சொன்னால் கேள்.

உன் அம்மா