இரண்டு பேஸில் ஓடும் மோட்டார்

12 மே 1983, வியாழன். மோகனூர்.

மின்துறை நிர்வாக மேற்படிப்புக்கு டில்லியில் இடம் கிடைத்துவிட்டது. சாயங்காலம் கரும்புக்காட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்.

கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மூன்று பேஸ் கரண்ட் வேண்டும், வந்ததோ இரண்டுதான். வராத பேஸுக்குப் பதிலாகக் கண்டென்சர் மாட்டி ஓட்டுகிறார். இப்படி ஓட்டினால் ஊர் விளக்கெல்லாம் மங்கும், டிரான்ஸ்பார்மர் எரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மின்சார ஆபீஸ் இன்ஜினியர் அவர் மகளான நான்தான்.

"நிறுத்துங்கப்பா" என்றேன். நிறுத்தினார்.

"அங்க போயி என்ன சாமி படிப்ப?"

"இருக்கற கரண்ட்ட யாருக்கு எப்பக் குடுக்கோணும்னு படிப்பேனுங்கப்பா."

"அதுக்கொரு படிப்பு இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, வாடிய கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரி, போயிட்டு வா சாமி."

வேண்டாம் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இப்போது படுத்தாலும் தூக்கம் வரவில்லை. அந்த வகுப்பில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இங்கே காடும் காய்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பல்பு மங்குகிறது. அப்பா மறுபடியும் மோட்டாரைப் போட்டுவிட்டார். எழுந்து போய் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

எழுத்தே தெரியவில்லை. ஓடட்டும்.