கருப்பட்டி ஊற்றிய சுவர்

நாள் 58, காலை 7.40

இதைக் கண்டெடுப்பவருக்கு. நான் ஞானப்பூ, கட்டடப் பொறியாளர், ஊர் திசையன்விளை. செவ்வாயில் முதலில் இறங்கியவள். வேலை: இங்குள்ள மண்ணிலேயே கல் அறுத்து, ஆறு பேர் குடியிருக்க ஒரு வீடு கட்டுவது. சிமெண்ட் கிடையாது, சூளை கிடையாது. சலித்த செம்மண், பனிக்கட்டி உருக்கிய தண்ணீர், கையால் இழுத்து அழுத்தும் இயந்திரம், அவ்வளவுதான். காற்றடைத்த கூடாரத்துக்குள் நேற்று அறுத்த கற்களில் பாதிக்கு மேல் உலர்ந்ததும் விரிசல்.

மற்ற ஐந்து பேரும் மேலே கப்பலில் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி என் தங்கை லீதியாள். வீடு காற்றைப் பிடித்து நின்றால்தான் இறங்குவார்கள். இறங்கிவிட்டால் மறுபடி ஏற எரிபொருள் இல்லை. வீடு நிற்காவிட்டால் அப்படியே பூமிக்குத் திரும்புவார்கள், நான் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஆகவே வீடு நிற்கும்.

நாள் 61, மாலை 5.15

விரிசல் தீர்ந்தது. எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக் காரையில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிப் புளித்த தண்ணீரை ஊற்றுவார்கள். என் காப்பிக்கு வந்த கருப்பட்டியையும் வயிற்றுக்கு வந்த கடுக்காய்ப் பொடியையும் ஊறப்போட்டிருந்தேன். நுரைத்ததும் மண்ணில் விட்டுப் பிசைந்து அறுத்தேன். சம்மட்டியால் ஓங்கி அடித்தும் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் தோள்தான் வலிக்கிறது. திட்டத்தில் இது இல்லை. திட்டம் போட்டவர்கள் ஆயுளில் ஒரு கல் அறுத்திருந்தால் இருந்திருக்கும்.

லீதியாள் பேசினாள்: "யக்கா, கருப்பட்டிய பூரா செவுத்துல ஊத்திட்டியாமே! நான் வந்து காப்பிய வெறுமனயா குடிக்கணும்?"

நாள் 83, காலை 9.00

கூரை வளைவு மூடியாயிற்று. கூடாரத்தின் காற்று இயந்திரத்தை வீட்டுச் சுவரில் பதித்து, காற்று நிரப்பினேன். வெளிவாசலில் மாட்டிய மீட்டர் பச்சையில் நிற்கிறது. அது அழுத்தத்தை மட்டும் பார்த்துக் கப்பலுக்குச் சொல்லும். பிராணவாயுவை அளக்கும் பெட்டி அவர்களோடுதான் வருகிறது. இப்போதைக்கு என் மணிக்கட்டில் உள்ள சின்ன அளவிதான் துணை.

தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு என் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பெருமையாக இருந்தது. சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும்.

நாள் 85, பகல் 11.30

தலைவலி. பிராணவாயு 14 காட்டுகிறது, இருக்க வேண்டியது 21. ஓட்டை எங்கும் இல்லை, அழுத்தம் அசையவே இல்லை. மீந்த கல் ஒன்றை ஒரு டப்பாவிலும், கருப்பட்டி கலக்காத பழைய கல் ஒன்றை இன்னொன்றிலும் அடைத்து வைத்திருக்கிறேன்.

நாள் 86, காலை 8.20

பழைய கல் சும்மா கிடக்கிறது. கருப்பட்டிக் கல்லின் டப்பாவில் பிராணவாயு அறவே இல்லை, அத்தனையும் கரியமில வாயு. கல் பருத்து டப்பாவைப் பிதுக்கியிருக்கிறது.

மண்ணைச் சோதித்தவர்கள் உயிர் இல்லை என்றார்கள். இருந்திருக்கிறது, தூங்கியிருக்கிறது. இனிப்புக் கொடுத்து எழுப்பியவள் நான். எடுக்கிற காற்றின் அளவுக்கே கெட்ட காற்றை விடுகிறது, அதனால் மீட்டர் பச்சையாகவே இருக்கிறது. பயமாக இருக்கிறது. கப்பலுக்குச் சொல்லிவிட்டேன்: இறங்காதீர்கள்.

நாள் 86, பகல் 12.05

கேப்டன் தவசிமுத்துவின் பதில்: "ஞானப்பூ, இங்க மீட்டர் பச்சையாத்தான் தெரியுது. ஒன் கையில கெடக்கது பழுது. செவுரு மூச்சு விடுதுன்னு சொல்லுத, நீ சொல்லுதது ஒனக்கே கேக்குதா? இத்தன நாளு தனியா கெடந்தா யாருக்கும் இப்படித்தான் ஆவும். நாளைக்கே இறங்குதோம். பதறாம இரி."

பிறகு லீதியாள்: "ஒன் கொரலே சரியில்லக்கா. ஒன்ன அங்க விட்டுட்டு ஊருக்குப் போவ மாட்டேன். நான் வந்து பாத்துக்கிடுதேன்."

என்னைக் காப்பாற்ற வருகிறார்கள். வந்து இந்த வீட்டுக்குள் தலைக்கவசத்தைக் கழற்றுவார்கள்.

நாள் 87, காலை 6.50

இயந்திரத்தைப் பிடுங்கிக் கூடாரத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். பருத்த சுவர் அதைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. மீட்டரை நொறுக்கினால் அதையும் பழுது என்று சொல்லி இறங்குவார்கள். சுவரை உடைக்க வேண்டும். அழுத்தம் விழுந்தால் கேப்டன் விதியை மீற மாட்டார். அதன் பிறகு எனக்கு உடுப்பில் இருக்கும் காற்று மட்டும்தான். லீதியாள் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

நாள் 87, காலை 9.30

கல் உடையாது என்பதால் இணைப்புகளில் சம்மட்டியால் அடித்து, வெளியிலிருந்து உடைத்தேன். துளை என் தோள் அகலம். என் பேச்சை அனுப்பும் கம்பியும் சுவரோடு விழுந்து ஒடிந்துவிட்டது. இனி கேட்கலாம், பேச முடியாது. மீட்டரின் கம்பி தனி, அது நிற்கிறது. சிவப்பு.

தவசிமுத்துவின் குரல்: "அழுத்தம் விழுந்துட்டு. இறங்குதத நிறுத்து. திரும்புததுக்கு வழியப் பாரு." பின்னால் லீதியாள் கத்துவது கேட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

நாள் 87, பகல் 11.40

துளை சிறிதாகியிருக்கிறது. விளிம்பெல்லாம் புண் ஆறுவது போல ஈரமாக மினுங்குகிறது. அடிக்கிறேன். அடித்த இடம்தான் சீக்கிரம் மூடுகிறது.

நாள் 87, பகல் 1.10

கை நுழையவில்லை. கதவும் திறக்கவில்லை, சுவர் அதையும் இறுக்கிவிட்டது. உள்ளே இயந்திரம் தானாக ஓடிக் காற்று நிரப்புகிறது. அணைக்கும் பொத்தான் உள்ளே. சம்மட்டி தூக்க முடியவில்லை. காற்று கொஞ்சம்தான்

நாள் 87, பகல்

மூடிவிட்டது

பச்சை

லீதியாள்: "யக்கா! பச்சைக்கு வந்துட்டு! நீ சரி பண்ணிருவன்னு நான் சொன்னேன்லா, இவுரு கேக்கவே இல்ல. கம்பி ஒடிஞ்சிருக்கும், அதான் ஒன் பேச்சக் காணோம். பரவால்ல, கெளம்பியாச்சு, பாதி தூரம் வந்துட்டோம். கண்ணாடி வழியா ஒன் வீடு தெரியுது. என்னக்கா, படத்துல பாத்ததவிட எவ்வளவு பெரிசா இருக்கு!"